கிணறும் சேர்த்து

காஞ்சிபுரம் கோர்ட்டில் துர்காவோடு மல்லுக்கு நிற்க யாருக்கும் அவ்வளவாக ஆசை இல்லை. வாய் அப்படி. மாகறல் பக்கம் வரப்புத் தகராறுகளுக்கு நடுவே வளர்ந்தவள். அந்தக் குடும்பத்தில் கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் ஆள் அவள்தான். எதிராளி ஒன்று தருகிறேன் என்றால் ஒன்றரை கேட்பாள், கேட்டதை வாங்கியும் விடுவாள். அந்த வியாழக்கிழமை காலையும் ஒன்றரையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் தன் கட்சிக்காரர் கைலாசத்தின் தெருவுக்குள் ஸ்கூட்டியைத் திருப்பினாள். தலைகால் புரியாத சந்தோஷம். வழியில் ஒரு முழம் மல்லிகைகூட வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கைலாசம் பட்டு நெசவாளி. அவர் குடியிருக்கும் வீடு காமாட்சியம்மாள் என்ற பிள்ளையில்லாத முதலாளியம்மாளுடையது. அந்த அம்மாள் சாகும்முன் உயில் எழுதினாள். வீடு அண்ணன் மகனுக்கு, ஆனால் கைலாசம் உயிரோடு இருக்கும்வரை அங்கேயே தறி போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம், யாரும் கிளப்பக்கூடாது. நல்ல மனசுதான். 'உயிரோடு இருக்கும்வரை' என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் இன்னும் நல்ல மனசாக இருந்திருக்கும். அண்ணன் மகன் உடனே வீட்டை ஆனந்தகுமாருக்கு விற்றுவிட்டான். ஆனந்தகுமாருக்கோ கோயிலுக்கு வருகிற கூட்டம் தங்குவதற்கு லாட்ஜ் கட்டியாக வேண்டும். கைலாசம் இருக்கிறவரை ஒரு செங்கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது. கைலாசத்தின் அப்பா தொண்ணூறைத் தாண்டி இருந்தவர் என்று யாரோ சொல்லிவைக்க, ஆனந்தகுமார் ஆடிப்போய்விட்டார். வழக்கு போட்டுப் பார்த்தார், நகரவில்லை. கடைசியில் சமாதானத்துக்கு இறங்கி வந்தார்.

போன வெள்ளிக்கிழமை அவருடைய வக்கீல் சீனிவாசன் துர்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். வீட்டின் பின்பாதி, அதாவது ஒரு தறி போடுகிற அளவுக்குப் பெரிய அறையும் சமையல்கட்டும், கைலாசத்துக்கும் அவர் வாரிசுகளுக்கும் நிரந்தரமாக. முன்பாதி ஆனந்தகுமாருக்கு. துர்கா அன்று சாயங்காலமே போய்க் கைலாசத்திடம் சொன்னாள். அந்த மனிதர் தறி நாடாவைக் கீழே வைத்துவிட்டு, சமையல்கட்டில் இருந்த மனைவியையும் மகளையும் திரும்பிப் பார்த்தார்.

"போதும்மா. எனக்கப்புறம் இவங்க ரெண்டு பேரும் நடுத்தெருவுல நிக்காம இருந்தா அதுவே போதும். நாளைக்கே ஒத்துக்கினு முடிச்சிடு" என்றார்.

துர்கா சரி என்று தலையாட்டினாள். ஆனால் வெளியே வந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது சந்து வழியாகக் கொல்லைக் கிணறு கண்ணில் பட்டது. ஆனந்தகுமார் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறார் என்றால் இன்னும் கொஞ்சம் இறங்குவார் என்று அவளுக்கு மூக்கில் வியர்த்தது. கைலாசத்திடம் கேட்கவில்லை. சீனிவாசனிடம், "கிணறும் சேர்த்துக் குடுத்தா என் கட்சிக்காரர் ஒத்துக்குவார், இல்லேன்னா மாட்டார்" என்றாள். கைலாசம் வீட்டிலிருந்து தினமும் போன் வரும். "அவங்க பக்கம் இழுத்தடிக்கிறாங்க" என்பாள். இதைப் பொய் என்று அவள் நினைக்கவில்லை, தொழில் சாமர்த்தியம் என்று நினைத்தாள். நேற்று ராத்திரி ஆனந்தகுமார் கிணற்றையும் விட்டுக்கொடுத்தார். சமரச மனு டைப் ஆகிப் பைக்குள் இருக்கிறது. கைலாசத்துக்கு எழுத வராது, இடது கைப் பெருவிரல் ரேகைதான். அதை வாங்கிக்கொண்டு போய், அந்தப் பக்கமும் கையெழுத்தானதும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

தெருவில் எல்லா வீட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. கைலாசம் வீட்டுக்கு எதிரே ஆனந்தகுமாரின் மேனேஜர் அருள் பைக்கில் சாய்ந்து நின்றான்.

"வணக்கம் மேடம். பெரியவரு ரேகை வெச்சதும் கூட நின்னு ஒரு போட்டோ எடுத்தாரச் சொன்னாரு சாரு. அதப் பாத்துட்டுத்தான் அவரு கையெழுத்துப் போடுவாராம்."

"எடுத்துக்கோங்க. படிச்சுக் காட்டிட்டுக் கூப்பிடறேன்."

"காலங்காத்தாலயே தறியில உக்காந்துட்டாரு போல" என்று அருள் காதைத் தீட்டிக்கொண்டு சிரித்தான். "நல்ல கெட்டி ஒடம்பு மேடம் அவருக்கு."

துர்காவும் சிரித்துவிட்டுக் கதவைத் தட்டினாள். கைலாசத்தின் மகள் கலைவாணி ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்து, தாழ்ப்பாளைப் போட்டாள். அந்தப் பெண்ணின் கை ஐஸாக இருந்தது.

தறியில் கைலாசம் இல்லை. தறிக்குழியில் காலை விட்டு அவர் மனைவி அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, பலகை ஓங்கி ஓங்கி அடித்தது. கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்று சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. துடைக்கக் கையை எடுத்தால் சத்தம் நின்றுவிடும்.

"அண்ணன் எங்கக்கா?"

அம்சவேணி தறியை நிறுத்தவில்லை. கலைவாணிதான் உள் அறையைக் கையால் காட்டினாள். துர்கா எட்டிப் பார்த்தாள். பாயில் கைலாசம் கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு ஈ உதட்டில் உட்கார்ந்து எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தது. அவர் அதை ஓட்டவில்லை.

 துர்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடியகாலத்துல மேடம்" என்று கலைவாணி அவள் காதருகே வந்து சொன்னாள். "மாரு வலிக்குதுன்னாரு. தண்ணி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள போயிட்டாரு. நாங்க யாருக்கும் சொல்லல."

தலைமாட்டில் விளக்கு ஏற்றவில்லை. கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டவில்லை. ஏன் என்று துர்கா கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு வீட்டில் சாவு என்றால் பிணம் எடுக்கிறவரை எந்த வீட்டிலும் தறி ஓடாது. ஒரு தறி நின்றால் பக்கத்து வீட்டில் என்னவென்று எட்டிப் பார்ப்பார்கள், விஷயம் தெரிந்தால் அதுவும் நிற்கும், அப்படியே தெருமுனைவரை நின்றுவிடும். வாசலில் நிற்கிற அருளுக்குத் தெரிய ஐந்து நிமிஷம் ஆகாது. தெரிந்தால் ஆனந்தகுமார் எதற்குக் கையெழுத்துப் போடப் போகிறார்? கைலாசத்தோடு கைலாசத்தின் உரிமையும் போயிற்று. வீடு முழுக்க இப்போது அவருடையது. அதனால்தான் புருஷன் செத்துக் கிடக்க, அம்சவேணி விடிந்ததிலிருந்து நெய்துகொண்டிருக்கிறாள்.

துர்காவுக்கு உடம்பெல்லாம் பயம் பிடித்துக்கொண்டது. சட்டென்று ஓடிப்போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் அருள் இருந்தான்.

கலைவாணி இங்க் பேடைத் திறந்து பாயோரம் வைத்தாள். எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தார்கள்.

"கை இன்னும் மடங்குது மேடம். இப்பவே வெச்சிட்டா யாருக்கும் தெரியாது. போட்டோவுக்கு, அப்பா அசந்து தூங்குறாருன்னு சொல்லிக்கலாம். சாயங்காலமா எல்லாருக்கும் சொல்லிக்கிறோம்."

"கலை, இது..." என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வார்த்தை வரவில்லை. கோர்ட்டில் மணிக்கணக்காகப் பேசுகிற வாய் அது. கட்சிக்காரர் செத்துப்போனால் அவர் கொடுத்த வக்காலத்தும் அதோடு முடிந்தது. தெரிந்த நிமிஷமே வக்கீல் கோர்ட்டுக்குச் சொல்லியாக வேண்டும். செத்தவன் கையைப் பிடித்து ரேகை வைத்தால் அதற்குப் பெயர் மோசடி. வக்கீல் சன்னது போகும், ஜெயிலும் உண்டு. இதெல்லாம் பாடம் ஒப்பிப்பது போலத் தலைக்குள் ஓடியது. ஓடியும் அவள் குனிந்து மனுவைப் பையிலிருந்து எடுத்தாள். பாயோரம் உட்கார்ந்தாள். போர்வைக்குள்ளிருந்து கைலாசத்தின் இடது கையை வெளியே எடுத்தாள்.

ஏன் எடுத்தாள் என்றால், தறியடியில் உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு எடுக்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

கை ஜில்லென்று இருந்தது. விரல்கள் தாராளமாக மடங்கவும் இல்லை, விறைக்கவும் இல்லை. பெருவிரலைத் தனியாகப் பிரித்துப் பிடித்தாள். அப்போது பார்த்துக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"மேடம், ஆச்சா?"

துர்காவின் கையிலிருந்து அந்தக் கை நழுவித் தரையில் விழுந்தது.  கலைவாணி கதவுக்கு ஓடினாள்.

"அப்பா கை கழுவிக்கினு இருக்காரு. அஞ்சு நிமிசம்" என்று கதவைத் திறக்காமலே சொன்னாள்.

வெளியே செருப்புச் சத்தம் நகரவில்லை. பிறகு, "தறி ஓடுதே?" என்றான் அருள்.

கலைவாணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்சவேணியின் கை ஒரு நொடி தடுமாறியது. ஒரு அடி விட்டுப்போனது. அந்த ஒரு அடியில் மூன்று பேரின் உயிரும் போய்த் திரும்பியது. அடுத்த அடி விழுந்தது.

"அம்மா ஒக்காந்திருக்காங்க அண்ணா" என்று கலைவாணி எப்படியோ சொல்லி முடித்தாள்.

"சரி சரி. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

செருப்புச் சத்தம் தள்ளிப் போயிற்று. துர்கா மறுபடியும் அந்தக் கையைத் தொடப் பார்த்தாள், முடியவில்லை. விரல்கள் சொன்னபேச்சைக் கேட்கவில்லை. அம்சவேணி தலையைத் திருப்பாமலே முதன்முதலாகப் பேசினாள். தறிச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் விட்டுவிட்டு வந்தது.

"நீங்க வெக்க வேணாம் வக்கீலம்மா. உங்க பொழப்பு எதுக்குக் கெடணும். கலை இங்க வந்து ஒக்காரட்டும், நான் வந்து வெக்கிறேன். நீங்க அந்தாண்ட திரும்பிக்கோங்க. பாக்கவே இல்லன்னு ஆயிடும்."

துர்கா சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உரிந்த வெறும் சுவர். திரும்பிக்கொண்டால் போதும். ஒரு நிமிஷம் திரும்பி நின்றால் இந்த இரண்டு பெண்களுக்கும் வீடு இருக்கிறது, தறி இருக்கிறது, அவள் வாங்கிக்கொடுத்த கிணறும் இருக்கிறது. அதற்கும் மேலே இன்னொன்றும் இருந்தது. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரேகை விழுந்துவிட்டால் அந்த ஆறு நாள் கதை யாருக்கும் தெரியவே போவதில்லை. கைலாசம் ஒத்துக்கொள் என்று சொன்னதும், இவள் ஒத்துக்கொள்ளாமல் விட்டதும், இழுத்தடித்தது யார் என்பதும் அந்தப் போர்வைக்குள்ளேயே போய்விடும். யாருக்காக இந்தக் கையைப் பிடித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஜெயிலை நினைத்தபோதுகூட வராத நடுக்கம் அப்போது வந்தது.

கலைவாணி தறிக்குப் போக எழுந்தாள். துர்காவின் போன் அடித்தது. சீனிவாசன்.

எடுக்காவிட்டால் அருளைக் கூப்பிடுவார். எடுத்தாள். தறிச் சத்தத்தில் அவர் சொல்வது ஒன்றும் காதில் விழவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னாம்மா துர்கா, ரேகை ஆச்சா?" சீனிவாசன் எப்போதும் போல நிதானமாகக் கேட்டார். "இன்னிக்கே தாக்கல் பண்ணிடலாம். கைலாசம் நல்லாருக்காரா?"

அவர் சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார். 'நல்லாருக்கார் சார்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.  கலைவாணி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எதிரே நின்றாள். துர்கா அவள் முகத்தைப் பார்க்காமல், கீழே கிடந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கைலாசம் இறந்துட்டார் சார். விடியற்காலையில. ரேகை வாங்கல. நான் கோர்ட்ல சொல்லிடறேன்."

தறி நின்றது.

அம்சவேணி கையைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கலைவாணி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் அவ்வளவு நேரம் இல்லாத அமைதி வந்தது. ஸ்பீக்கரில் சீனிவாசன் மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"பாவமே" என்றார் அவர். பிறகு, "நீ சொன்னத நான் என் கட்சிக்காரர்கிட்ட மறைக்க முடியாது துர்கா. சொன்னா அவரு கையெழுத்துப் போட மாட்டாரு. சொல்லிப் பாக்கறேன், ஆனா மாட்டாரு. உனக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"எனக்கு மனசே ஆறலம்மா. போன வெள்ளிக்கெழமயே பின்பாதி எழுதித் தர்றோம்னு சொன்னமே. அன்னிக்கே நீ சரின்னு சொல்லியிருந்தா அடுத்த நாளே ஆனந்தகுமார் கையெழுத்துப் போட்டிருப்பாரு. கெணறும் வேணும், கெணறும் வேணும்னு ஆறு நாளு நீதானே இழுத்தே. அந்த ரெண்டு பொம்பளைங்களும் இப்ப எங்க போவாங்க?"

துர்கா ஸ்பீக்கரை அணைக்க விரலை நீட்டினாள். விரல் நடுங்கி வேறு எதையோ அழுத்தியது. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் போனைப் புடவைத் தலைப்பில் பொத்தி எப்படியோ நிறுத்தினாள். அதற்குள் பக்கத்து வீட்டுத் தறி நின்றிருந்தது. எதிர்வீட்டில் யாரோ, "இன்னாடி சத்தத்தக் காணோம்" என்று கேட்பது காதில் விழுந்தது.

அம்சவேணி குழியிலிருந்து மெதுவாக மேலே ஏறி வந்தாள். கால் மரத்துப்போயிருந்தது போல, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் கிடந்த இடது கையை எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்து, பெருவிரலைத் தன் முந்தானையால் துடைத்தாள். அதில் மை ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"அவங்க இழுத்தடிக்கிறாங்கன்னு தானே தெனமும் சொன்னீங்க?"

 துர்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"கெணத்த யாரு கேட்டது? இவரு கேட்டாரா?"

"இல்லக்கா" என்றாள் துர்கா. "அவரு போதும்னுதான் சொன்னாரு. நான்தான்..."

வாசலில் ஆள் கூடும் சத்தம் கேட்டது. யாரோ கலைவாணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அருளின் குரலும் நடுவே கேட்டது. அம்சவேணி அவசரப்படவில்லை, அழவும் ஆரம்பிக்கவில்லை. துர்காவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் துர்கா தாங்கியிருப்பாள்.

"செத்தவரு கட்டைவெரலத் தொட இந்த நடுங்கு நடுங்குறீங்களே வக்கீலம்மா" என்றாள் அம்சவேணி. "உசுரோட ஒக்காந்து, ஒத்துக்கோம்மான்னு வாயால சொன்னாரே. அன்னிக்கி அத மீறறதுக்குக் கொஞ்சம் பயந்திருக்கக் கூடாதா?"